மேசைக்கு வராத தண்ணீர்

2003 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பூச்சிமருந்தைப் பற்றிக் கொதித்தெழுந்தது. டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் பெயர்பெற்ற குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டிருந்தது. இரு அவைகளிலும் கூச்சல். நாடாளுமன்ற உணவகத்தில் கோலா விற்பனை நின்றது. அந்த மாதம் முடிவதற்குள் சரத் பவார் தலைமையில் 15 பேர் கொண்ட கூட்டுக் குழு அமைந்துவிட்டது. அதற்கு முன்பு போஃபர்ஸ் பீரங்கி, ஹர்ஷத் மேத்தா பங்குச்சந்தை மோசடி, கேத்தன் பாரெக் பங்குச்சந்தை மோசடி என்று மூன்றே விவகாரங்களுக்குத்தான் கூட்டுக் குழு போட்டிருந்தார்கள். நான்காவது குளிர்பானத்துக்கு வாய்த்தது. அதைக் கேலியாகச் சொல்லவில்லை. குழு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. 2004 பிப்ரவரி 4ஆம் தேதி அறிக்கை வைத்தது. மையத்தின் கண்டுபிடிப்பு சரியே என்றது. அதைவிட முக்கியமாக, பல பூச்சிமருந்துகளுக்கு உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற வரம்பே வகுக்காமல் விற்பனைக்குப் பதிவு கொடுத்திருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எந்த அமைச்சகத்துக்கு எது பொறுப்பு என்ற குழப்பத்தைப் பதிவு செய்தது. சட்டமியற்றும் அவை மனம் வைத்தால் நுட்பமான ஒரு விஷயத்தையும் ஆறு மாதத்தில் குடைந்து பார்க்க முடியும் என்பதற்கு நம் கையிலுள்ள நல்ல சான்று அது.

ஆனால் அந்தக் குழுவிடம் ஒப்படைத்த பொருள் என்ன? குளிர்பானம், பழச்சாறு, பிற பானங்கள். குழாய்த் தண்ணீர் அதன் தலைப்பில் இல்லை. 2003 பிப்ரவரியிலேயே அதே மையம் புட்டித் தண்ணீரிலும் பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டு சொல்லியிருந்தது. ஜூலைக்குள் அரசு விதியை மாற்றியது: ஒரு லிட்டரில் எந்த ஒரு பூச்சிமருந்தும் 0.0001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.0005ஐத் தாண்டக் கூடாது. ஐந்தே மாதத்தில் முடிந்த காரியம். பிறகு 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தபோது, உணவு என்றால் என்ன என்ற வரையறைக்குள் அடைக்கப்பட்ட குடிநீரும் சேர்ந்தது. ஆக, மூடி போட்டு முத்திரை ஒட்டினால் தண்ணீர் சட்டத்தின் கண்ணில் உணவு. தரம் தவறினால் வழக்கு உண்டு, அபராதம் உண்டு. தெருக்குழாயில் வந்தால் அதன் தரம் கடைப்பிடிக்க விரும்புகிறவர் கடைப்பிடிக்கலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. காசு கொடுத்து கேன் வாங்குகிறவருக்கு நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு, குடத்தோடு நிற்கிறவருக்கு அதிகாரியின் நல்லெண்ணம். இந்த வேறுபாட்டை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. தண்ணீரின் தரத்துக்கு எந்த அவையும் கணக்குக் கேட்காததால் அது தானாக உண்டாயிற்று. அந்தக் கணக்கைக் கேட்கும் வேலை நீதிமன்றத்தையோ நிபுணர் குழுவையோ சேர்ந்ததல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த அவைகளைச் சேர்ந்தது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அந்தத் தரத்தைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1983இல் முதலில் வெளியிட்டு, 1991இலும் 2012இலும் திருத்திய ஐ.எஸ். 10500 என்ற ஆவணம் அது. அட்டவணையில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள். முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவு. கரைந்த திடப்பொருள், அதாவது ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருகிறவர் சின்னக் கருவியை டம்ளரில் முக்கி நம்மைப் பயமுறுத்தும் டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கலாம்; வேறு வழியில்லை என்றால் 2000 வரை போகலாம். கடினத்தன்மை 200, வழியில்லை என்றால் 600. ஃபுளோரைடு 1.0, வழியில்லை என்றால் 1.5. நைட்ரேட் போன்ற சிலவற்றுக்குச் சலுகை இல்லை, நைட்ரேட் 45 என்றால் 45தான். இந்த இரண்டாம் எண்ணைப் படிக்கும்போது எழ வேண்டிய கேள்விகள் மூன்று. வேறு வழியில்லை என்று தீர்மானிப்பவர் யார்? அந்த நிலை எத்தனை ஆண்டு நீடிக்கலாம்? அதுவரை ஊராருக்குச் சொல்ல வேண்டுமா? ஆவணத்தில் இவற்றுக்கு விடை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் இவை வேதியியல் கேள்விகள் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கியதும் எலும்பைத் தாக்கியதும் தெரிந்த செய்தி. ஜப்பானியக் கடனில் உருவான ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. காவிரித் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது 2013 வாக்கில். அதற்கு முந்தைய காலமெல்லாம் வேறு வழி இல்லாத காலம். அந்தக் காலத்தின் நீளத்தை முடிவு செய்தது நிதியும் அரசியலும்தான்.

ஒரு வரம்பு எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்காவின் ஆர்செனிக் கதை தெளிவாகக் காட்டும். 1942இல் அந்த நாட்டில் குடிநீரில் ஆர்செனிக் 50 பிபிபி வரை இருக்கலாம் என்று வைத்தார்கள். பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. 1974இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பழைய எண் அசையவில்லை. 1996இல் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியபோது, ஆர்செனிக் வரம்பை இன்ன தேதிக்குள் புதுப்பித்தாக வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குக் கெடு வைத்தது. 1999இல் தேசிய ஆராய்ச்சிக் குழு, 50 என்பது மக்கள் உடல்நலத்தைக் காக்கப் போதாது, விரைவில் குறைக்க வேண்டும் என்றது. 2000இல் முகமை 5 என்று முன்மொழிந்து, 3, 10, 20 ஆகியவற்றுக்கும் கருத்துக் கேட்டது. 2001 ஜனவரியில் 10 என்று முடிவானது. தொழில்நுட்பப்படி 3 வரை இறக்க முடியும் என்று முகமையே ஒப்புக்கொண்டது. ஆனால் செலவையும் பயனையும் சீர்தூக்கி 10இல் நிறுத்துகிறோம் என்று எழுதி வைத்தது. எந்த ஆய்வகத்திலும் 10 என்ற எண் கிடைக்காது. ஆய்வகம் சொல்வது இவ்வளவு குடித்தால் இவ்வளவு ஆபத்து என்பதை மட்டும். எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம், அதைக் குறைக்கும் செலவை யார் சுமப்பது என்பதெல்லாம் மக்கள் சார்பில் பேச உரிமை உள்ளவர்கள் பேச வேண்டியவை. அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆட்சி மாறியதும் மார்ச்சில் புதிய நிர்வாகி விதியை நிறுத்தி வைத்தார். ஜூலையில் கீழவை, வரம்பைத் தளர்த்தப் பணம் செலவிடக் கூடாது என்று 218க்கு 189 என்ற கணக்கில் வாக்களித்தது. செப்டம்பரில் ஆராய்ச்சிக் குழுவின் இரண்டாம் அறிக்கை, ஆபத்து முன்பு நினைத்ததைவிட அதிகம் என்றது. அக்டோபர் 31 அன்று அதே நிர்வாகி 10ஐ உறுதி செய்தார். கீழவையின் வாக்கு அந்த எண்ணை எழுதவில்லை. விளக்கம் சொல்லாமல் அதை அழிக்க முடியாத நிலையை உண்டாக்கியது.

இதற்கு முதலில் வரும் ஆட்சேபம், எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் மைக்ரோகிராம் என்ன தெரியும் என்பது. எல்லாவற்றிலும் அரசியல்வாதி மூக்கை நுழைத்தால் நிபுணர் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான், அமெரிக்காவிலேயே அதற்குச் சான்று உண்டு. முகமை தூங்குகிறது என்ற கோபத்தில் 1986இல் காங்கிரஸ், 83 மாசுப்பொருள்களுக்கு வரம்பு வகுக்க வேண்டும், அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு 25 புதிய பொருள் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. ஆபத்து பெரிதா சிறிதா என்று பார்க்காமல் எண்ணிக்கையை நிரப்ப ஓட வேண்டியதாயிற்று. சின்ன ஊர்களின் குடிநீர் அமைப்புகள் திணறின. பத்து ஆண்டில் அந்த 25 என்ற விதியை நீக்கினார்கள். பதிலாக, எந்தப் பொருளைக் கவனிக்கிறோம், ஏன் என்று பட்டியல் வெளியிட வேண்டும். பழைய வரம்புகளை ஆறு ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். குடிநீர் வழங்குவோர் ஒவ்வொரு ஆண்டும் பயனாளிகளுக்குத் தர அறிக்கை அனுப்ப வேண்டும் என்று மாற்றினார்கள். எண்ணைத் தானே எழுதுவதும் எண்ணுக்குக் காரணம் கேட்பதும் வேறு வேறு வேலைகள். முதல் வேலைக்கு அவை தகுதியற்றது என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்கு அவையைவிடத் தகுதியான இடம் இல்லை. நம் குளிர்பானக் குழுவிலும் 15 பேரும் நச்சியல் படித்தவர்களாக இருந்து அந்த அறிக்கையை எழுதவில்லை. எதிரில் இருந்தவரை விடாமல் கேட்டு எழுதினார்கள்.

இங்கே நம் நடைமுறையில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். போபால் விபத்துக்குப் பிறகு வந்த 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போடும் விதி ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தின் மேசையில் 30 நாள் கிடக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். நடப்பதென்ன? காலையில் அமைச்சர் எழுந்து ஏடுகளை வைக்கிறேன் என்கிறார், அடுத்த அலுவலுக்குப் போய்விடுகிறார்கள். கட்டுக்கட்டாக வரும் தாளை யார் படிப்பது? இருந்தாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. ஐ.எஸ். 10500 விதியே அல்ல, அமைவனம் வெளியிடும் தரம். அதனால் அந்த மேசைக்குக்கூட அது வர வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டுத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலைக் கழிவையும் ஆற்றையும் பார்க்கிறது. வீட்டுக் குழாயை அது பார்ப்பதில்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், ஐ.எஸ். 10500 தரத்தில் என்று வாக்களிக்கிறது. அந்த வாக்கும் திட்ட வழிகாட்டுதலில் உள்ளதே தவிர, மீறினால் கேள்வி கேட்கும் சட்டத்தில் இல்லை.

நீதிமன்றம்தான் இருக்கிறதே என்பார்கள். குடிநீர் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அவை எதற்கு? பாலாற்றைப் பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், சந்தேகம் எழும்போதே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு. அதே வேலூர், அதே தோல் கழிவு, அதே ஈட்டுத்தொகைப் பிரச்சினைக்காக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30ஆம் தேதி மறுபடி விரிவான உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டு. நீதிபதிகளைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. யாராவது வழக்குப் போட்டால்தான் நீதிமன்றத்தின் கண் திறக்கும். தீர்ப்பு சொன்னதும் கோப்பு மூடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எத்தனை பொறியாளர் இடம் காலி, ஆய்வகத்துக்கு எவ்வளவு பணம், போன ஆண்டு மூடச் சொன்ன ஆலை இந்த ஆண்டு எப்படி ஓடுகிறது என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பதற்கு மானியக் கோரிக்கை என்ற வாய்ப்பு அவையிடம்தான் இருக்கிறது.

அடுத்த ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. தரத்தைச் சட்டமாக்கினால் மாட்டிக்கொள்வது யார்? ஊராட்சித் தலைவரும், சொற்பச் சம்பளத்தில் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் ஆபரேட்டரும்தானே? நிலத்தடியில் இருக்கும் ஃபுளோரைடுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? தண்டனையைக் கொண்டு தொடங்கினால் இந்த ஆட்சேபத்துக்குப் பதில் கிடையாது. ஆனால் கட்டாயம் என்பதற்கு முதல் பொருள் சிறையோ அபராதமோ ஆக வேண்டியதில்லை. சோதிப்பதும் முடிவை ஊருக்குச் சொல்வதும் முதலில் கட்டாயமாகட்டும். சரிசெய்யும் செலவு மாநிலத்தின் பொறுப்பாகட்டும். அமெரிக்காவின் 1996 திருத்தம் குடிநீர் அமைப்புகளுக்கான சுழல் நிதியையும் சேர்த்தே கொண்டுவந்தது. அப்படியெல்லாம் சட்டம் வைத்திருந்தும் ஃபிளிண்ட் நகரத்தில் குழந்தைகள் ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்தார்களே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2014 ஏப்ரலில் அந்த நகரம் செலவை மிச்சப்படுத்த டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃபிளிண்ட் ஆற்றுக்கு மாறியபோது, குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்தன. ஈயத்துக்கு 15 பிபிபி என்ற எண் 1991 முதல் விதியில் இருந்தது. ஆனால் மாதிரி எடுக்கும் முதல் நாள் இரவே குழாயைச் சில நிமிடம் திறந்துவிடச் சொல்லியிருந்தார்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் ஈயம் சேரும். அதை வடித்துவிட்டுப் பிடித்தால் எண் அழகாக வரும். இன்னொன்று, அப்போது ஃபிளிண்டில் அதிகாரம் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளர் கையில் இருந்தது. தேர்ந்தெடுத்த நகரமன்றத்தின் வாய் கட்டப்பட்டிருந்தது. காங்கிரஸ் குழு ஆளுநரையும் முகமை நிர்வாகியையும் கூண்டிலேற்றாத குறையாக விசாரித்தது 2016இல், நஞ்சு உடம்பில் ஏறிய பிறகு. ஆகவே ஃபிளிண்ட் என் வாதத்துக்கு எதிரான சான்று என்று நான் கருதவில்லை. எண் மட்டும் சட்டத்தில் இருந்தால் போதாது, அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்க உள்ளூரில் ஓர் அவை உயிரோடு இருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஒழுங்கான இடம் இல்லாவிட்டால் எண் கட்சிச் சண்டைக்குத்தான் பயன்படும். 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் நல அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் மாநிலத் தலைநகரங்களின் குழாய்நீர்ச் சோதனை முடிவுகளை வெளியிட்டார். மும்பை மாதிரிகள் பத்தும் தேறின. டெல்லியின் 11 மாதிரிகளும் தவறின. சென்னையின் பத்தும் தவறின. டெல்லியில் உடனே மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சண்டை: மாதிரி எங்கே எடுத்தீர்கள், எங்கள் சோதனையில் அப்படி இல்லையே என்று. தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பாஸ்வான் சொன்னது அந்தக் கூச்சலில் அமுங்கிப் போயிற்று. ஒரு பெருநகரத்துக்குப் பத்து மாதிரி போதுமா என்பது நல்ல கேள்வி. அதை இரு தரப்பு ஆய்வாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் குழு விசாரித்திருந்தால் விடை கிடைத்திருக்கும். செய்தியாளர் சந்திப்பில் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு வருகிறேன். நம் கேள்வி நேரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: என் தொகுதியில் மேல்நிலைத் தொட்டி கட்டித்தர அரசு முன்வருமா, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை விரிவுபடுத்த முன்வருமா என்று கேட்கிறார்கள். தேவையான கேள்விகள்தான். ஆனால் தொட்டிக்குள் வரும் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்ற கேள்வி அபூர்வம். கணக்கும் அப்படியே போகிறது: இத்தனை கோடி, இத்தனை இணைப்பு, இத்தனை லிட்டர். தேசிய ஊரகக் குடிநீர்த் திட்டத்தைத் தணிக்கை செய்த சிஏஜி 2018 அறிக்கையில், 2012 முதல் 2017 வரை 81,168 கோடி ரூபாய் செலவான பிறகும் 55 லிட்டர் கிடைக்கும் குடியிருப்புகள் 5.5 சதவீதம்தான் கூடின என்றது. அளவுக்கே இந்தக் கதி என்றால் தரத்தைக் கேட்பானேன். நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழு உண்டு, மதிப்பீட்டுக் குழு உண்டு, உறுதிமொழிக் குழு உண்டு. துறைவாரியான நிலைக்குழு கிடையாது. கேரளச் சட்டமன்றம் 1980 முதலே துறைவாரிக் குழுக்களை வைத்து மசோதாவையும் மானியக் கோரிக்கையையும் அலசுகிறது. அதே வசதியை நாம் செய்துகொள்ளத் தடையாக இருப்பது எதுவும் இல்லை. அரசமைப்பைத் திருத்த வேண்டாம், பேரவை விதிகளைத் திருத்தினால் போதும். தண்ணீரும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. குடிநீர்த் தரத்துக்கு மாநிலச் சட்டம் இயற்றும் அதிகாரத்துக்காக டெல்லிக்கு மனுப்போட வேண்டியதும் இல்லை.

அப்படி ஒரு குழு அமைந்தால் முதல் வேலையாக எதை எடுக்கலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் 1974ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தியது. பெரும்பாலான குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனை போய், 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வந்தது. சில வகை ஆலைகளுக்கு வாரியத்தின் இசைவாணையே வேண்டாம் என்று விலக்களிக்கும் அதிகாரமும், மாநில வாரியத் தலைவரை நியமிக்கும் முறையை வகுக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்குப் போயின. இந்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது 5ஆம் தேதி. அடுத்த நாள் நிறைவேறியது. 8ஆம் தேதி மக்களவையிலும் முடிந்தது. நிலைக்குழுவுக்குப் போகவே இல்லை. ஆலைகளை எளிதாக நடத்தவிட வேண்டும் என்ற வாதத்தில் பொருள் இருக்கலாம், அரை நூற்றாண்டில் சிறைக்குப் போன மாசுபடுத்துவோர் எத்தனை பேர் என்று கேட்பதும் நியாயமே. அந்த வாதத்தையாவது ஒரு குழுவின் முன்னால் வைத்து நிரூபித்திருக்கலாம். தண்ணீர் மாநிலப் பொருள் என்பதால் இந்தத் திருத்தம் முதலில் இமாசலப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் செல்லும். அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியை ஏற்று ஒரு வரியை விட முடியாது. ஏற்ற பின் மாநிலமே திருத்தவும் முடியாது. முழுதாக ஆம், அல்லது இல்லை. ஆகவே ஒரு மாநில அவை தன் கேள்விகளைக் கேட்க அதற்கு முந்தைய காலம் மட்டும்தான் இருக்கிறது: வாரியத்தின் அதிகாரிகளை அழைத்து, பாலாற்றுக்கும் நொய்யலுக்கும் இந்த விலக்குகளால் என்ன ஆகும், 15 லட்சம் அபராதம் ஒரு பெரிய சாயப்பட்டறைக்கு எத்தனை நாள் வருமானம், வாரியத் தலைவர் யாருக்குப் பதில் சொல்வார் என்று கேட்டு, கிடைத்த பதிலை அச்சிட்டு அவையின் மேசையில் வைக்கலாம்.